அமெரிக்க ஜன்னல் ஃபேன்: காற்றைத் திருப்பும் விதமே அதன் ஜாதகம்

அமெரிக்காவின் பழைய மரவீடுகளில் ஜன்னலுக்கு நம் ஊர் மாதிரிக் கதவு இருக்காது. கண்ணாடி பதித்த இரண்டு சட்டங்கள் மேலும் கீழுமாக நிற்கும். கீழ்ச் சட்டத்தை மேலே தள்ளினால் ஜன்னல் திறக்கும். அந்தத் திறப்பில் ஒரு சதுரப் பெட்டியை நிறுத்தி, சட்டத்தை அதன் தலைமேல் இறக்கிவிட்டால் பெட்டி அசையாது. ஜன்னல் ஃபேன் என்ற சாமான் பிறந்ததே இந்த வசதியால்தான். கம்பி போட்டு, வெளிப்பக்கம் திறக்கும் கதவு வைத்த நம் ஜன்னலில் அதற்கு உட்கார இடமில்லை.

மின்விசிறியின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1882-இல் நியூயார்க்கில் ஷைலர் வீலர் என்ற பொறியாளர் மோட்டார் முனையில் இரண்டு இறக்கைகளைப் பொருத்தி மேசை விசிறி செய்தார். ஜன்னல் ஃபேனின் பொற்காலம் அதற்கு ரொம்பப் பின்னால், 1930-களிலிருந்து 1960-கள் வரை. 1960-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூட அமெரிக்க வீடுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு சொச்சத்தில்தான் ஏசி இருந்தது. மற்றவர்கள் ஜூலை மாத ராத்திரிகளை ஜன்னல் ஃபேனை நம்பித்தான் கழித்தார்கள்.

ஃபேன் காற்றைக் குளிர்விக்காது. இடம் மாற்றும், அவ்வளவுதான். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மரவீட்டின் மாடி, சூரியன் இறங்கிய பிறகும் அனலாக இருக்கும். வெளியே காற்று அதற்குள் குளிர்ந்திருக்கும். உள்ளே இருப்பதை வெளியே தள்ளினால் வெளியே இருப்பது தானாக உள்ளே வரும். ஆயிரம் சதுர அடி வீடு, எட்டடி உயரக் கூரை என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருப்பது 8,000 கன அடிக் காற்று. நிமிடத்துக்கு 2,000 கன அடி தள்ளும் ஃபேன் இருந்தால் நான்கே நிமிடத்தில் அத்தனையும் மாறிவிட வேண்டும், கணக்குப்படி. நிஜத்தில் மூலை முடுக்குகளில் காற்று தேங்குவதால் நேரம் கூடும்.

இதில் பலருக்குப் புரியாத ஒன்று உண்டு: காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே தள்ளுவதே நல்லது. உள்ளே வீசும்படி வைத்தால் அந்த ஒரு அறைக்குத்தான் காற்று. மாடி ஜன்னலில் வெளியே தள்ளும்படி வைத்தால் வீட்டுக்குள் அழுத்தம் ஒரு துளி குறையும். அப்புறம் எந்த அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறோமோ அந்த அறையில் காற்று வரும். படுக்கப் போகும்போது படுக்கையறை ஜன்னலை மட்டும் திறந்து, மற்றதையெல்லாம் சாத்திவிட்டால் போதும். ஃபேன் இருப்பது வேறு அறையில் என்பதால் சத்தமும் குறைவு.

ஆனால் பெட்டிக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எல்லாம் வீண். வெளியே தள்ளிய காற்றே அந்தச் சந்து வழியாகத் திரும்ப உள்ளே வந்து ஃபேனுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்காகத்தான் இரண்டு பக்கமும் இழுத்து நீட்டும் தகடுகள் வைத்தார்கள். பழைய ஃபேன் கைக்கு வரும்போது முதலில் காணாமல் போயிருப்பவை இந்தத் தகடுகள்தான். இவை சேர்ந்து கிடைத்த ஃபேனை விலை கொஞ்சம் கூடுதலானாலும் விடக்கூடாது என்பது என் கட்சி.

சரி, பழைய சாமான் சந்தையில் ஒரு ஜன்னல் ஃபேனைப் பார்க்கிறோம். எந்தக் காலத்தது, யார் செய்தது என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் முதலில் முகப்பில் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள். அது பாதி நேரம் ஏமாற்றும். சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு போன்ற பெரிய கடைகள் தாங்களே ஃபேன் செய்யவில்லை. வேறு கம்பெனிகள் செய்ததில் தங்கள் பெயரை ஒட்டி விற்றன. ஒரே அச்சில் வார்த்த ஃபேன் மூன்று பெயர்களில் மூன்று நிறங்களில் கிடைக்கும். சியர்ஸ் சாமானில் மட்டும் ஒரு பிடி உண்டு: மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் மூன்று இலக்கம் உண்மையில் செய்த கம்பெனியின் குறியீடு. சலவை இயந்திரத்தில் 110 என்றிருந்தால் அது வேர்ல்பூல்.

பெயரை விட்டுவிட்டு, இந்த ஃபேன் காற்றை எப்படித் திருப்புகிறது என்று பார்ப்பதுதான் சரியான தொடக்கம். ராத்திரி வெளியே தள்ள வேண்டும், சில சமயம் உள்ளே இழுக்கவும் வேண்டும். இந்த ஒரு தேவைக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு வழி கண்டது. அந்த வழியை நிர்ணயித்தது உள்ளே இருக்கும் மோட்டார்.

மலிவான ஃபேன்களில் இருப்பது ஷேடட் போல் மோட்டார். இதன் கூட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு இரும்புத் துருவத்தின் ஒரு ஓரத்தை மட்டும் வெட்டி, அதில் தடித்த செம்பு வளையம் ஒன்றை மாட்டியிருப்பார்கள். வளையம் எந்த வயரோடும் சேராது. சும்மா ஒரு மூடிய சுற்று. மாறுமின்சாரம் காயிலில் ஓடும்போது துருவத்தில் காந்தப்புலம் ஏறி இறங்கும். அந்த மாற்றம் செம்பு வளையத்தில் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டமோ மாற்றத்தை எதிர்க்கும். விளைவு, வளையம் மாட்டிய ஓரத்தில் காந்தப்புலம் சற்றுத் தாமதமாக எழும். வளையமில்லாத பக்கத்தில் முதலில், வளையம் உள்ள பக்கத்தில் பிறகு என்று காந்தப்புலம் நகர, நடுவே சுழலும் ரோட்டரும் அந்தத் திசையில் இழுபடும்.

கார்பன் பிரஷ் கிடையாது, கண்டென்சர் கிடையாது, கெட்டுப்போகும் சாமான் அதிகம் கிடையாது. மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாக வீணாகும் என்பது மட்டும் குறை. இன்னொன்று, செம்பு வளையம் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அந்தத் திசைக்குத்தான் சுற்றும். வயரை மாற்றிக் கொடுத்தாலும் கேட்காது. அதனால் இந்த மோட்டார் வைத்த ஃபேனில் காற்றைத் திருப்ப வேண்டுமென்றால் ஃபேனையே தூக்கித் திருப்ப வேண்டும். பழைய மாடல்களில் மொத்தப் பெட்டியையும் ஜன்னலிலிருந்து எடுத்து மறுபக்கம் வைக்க வேண்டியிருந்தது. சிலவற்றில் வெளிச்சட்டம் ஜன்னலிலேயே நிற்க, உள்ளே இருக்கும் ஃபேன் மட்டும் ஒரு அச்சில் சுழன்று திரும்பும். பக்கவாட்டில் கீல் போன்ற முளையும் பூட்டும் தெரிந்தால் இந்த வகை என்று உடனே சொல்லிவிடலாம்.

சுவிட்சிலேயே 'இன்டேக், ஆஃப், எக்ஸாஸ்ட்' என்று எழுதியிருக்கிறதா? அப்படியானால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கண்டென்சர் மோட்டார். நம் சீலிங் ஃபேனில் இருக்கும் அதே தத்துவம்: இரண்டு வைண்டிங் (கம்பிச்சுருள்), அதில் ஒன்றோடு கண்டென்சர் தொடராக நிற்கும். கண்டென்சர் அந்த மின்னோட்டத்தை முன்னால் நகர்த்துவதால் இரண்டு காந்தப்புலங்களும் முன்பின்னாக எழுந்து சுழற்சி உண்டாகிறது. சுவிட்ச், கண்டென்சரை இந்த வைண்டிங்கிலிருந்து அந்த வைண்டிங்குக்கு மாற்றிக் கொடுத்தால் சுழலும் திசை திரும்பிவிடும். வீட்டு உபயோகத்தில் இந்த வகை பரவியது பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. நடுவில் 'ஆஃப்' வைத்ததற்கும் காரணம் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் இறக்கையை ஒரேயடியாகப் பின்னால் திருப்பினால் மோட்டார் திணறும்.

மூன்றாவது வகை அபூர்வம். பெரிய இறக்கை, தனி மோட்டார், நடுவே பெல்ட். போடும்போது ஒரு விநாடி உறுமி, 'டிக்' என்று சத்தம் கேட்கும். தொடங்கி வைக்கும் வைண்டிங்கை வேகம் வந்ததும் ஒரு மையவிலக்கு சுவிட்ச் துண்டிக்கும் சத்தம் அது.

மோட்டாரைத் திறக்காமலே ஊகிக்க இன்னொரு வழி இறக்கை. வளைந்த இறக்கை, குழிந்த பக்கமாகத்தான் காற்றைச் சரியாகத் தள்ளும். எதிர்த்திசையில் சுற்றினால் தடுமாறும். ஆகவே இரண்டு திசையிலும் சுற்ற வேண்டிய ஃபேனுக்கு வளைவைக் குறைத்து, ஏறக்குறைய தட்டையான இறக்கையைச் சாய்த்து வைப்பார்கள். இரண்டு திசையிலும் சுமாராக வேலை செய்யும், எதிலும் அபாரமாகச் செய்யாது. ஆழமாகக் குழிந்த இறக்கையைப் பார்த்தால், இது ஒரே திசைக்குச் செய்தது என்று நம்பலாம்.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 சுழற்சி) மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் உச்சவரம்பு நிமிடத்துக்கு 1,800 சுற்று, ஆறு துருவத்துக்கு 1,200. உண்மையில் சுற்றுவது இதைவிடக் கொஞ்சம் குறைவு. 20 அங்குல இறக்கை 1,050 சுற்றில் ஓடினாலே அதன் நுனி மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும். நுனி வேகம் கூடக் கூடச் சத்தம் பல மடங்கு ஏறும் என்பதால் பெரிய ஃபேனுக்கு ஆறு துருவம்தான் தோது.

வயதைக் கணிக்க, பின்னால் இருக்கும் பெயர்த் தகட்டைத் துடைத்துப் படிக்க வேண்டும். அமெரிக்க காப்புரிமை எண் இருந்தால் அது பொக்கிஷம். 1940-ஆம் ஆண்டு 2,185,170 என்ற எண்ணில் தொடங்கியது. 1950 தொடங்கியது 2,492,944-இல். 1960 தொடங்கியது 2,919,443-இல். தகட்டில் 2,560,000-ஐ ஒட்டிய எண் இருந்தால் காப்புரிமை 1951-இல் கிடைத்தது. ஆனால் ஃபேன் 1951-இல் செய்தது என்று அர்த்தமில்லை. அதற்கு முன்னால் இல்லை என்றுதான் அர்த்தம். அதே எண்ணைப் பத்து வருடம் கழித்தும் அச்சடித்தார்கள்.

எந்த வருடத்துக்குப் பிந்தியது இல்லை என்ற எல்லையைத் தகட்டில் உள்ள முகவரி காட்டிக்கொடுக்கும். 1943-இல் அமெரிக்கத் தபால் துறை பெரிய நகரங்களுக்கு வட்டார எண் கொடுத்தது. 'சிகாகோ 14, இல்லினாய்' என்று எழுதுவார்கள். 1963 ஜூலையில் ஐந்து இலக்க ஜிப் கோடு வந்தது. ஊர்ப் பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவே சின்ன எண் இருந்தால் ஏறக்குறைய இந்த இருபது வருடத்துக்குள். காப்புரிமை எண்ணையும் இதையும் சேர்த்தால் நம் ஃபேன் 1951-க்கும் 1963-க்கும் நடுவே நிற்கிறது. இதற்கு மேல் வண்ணம், குமிழ், வலையின் வடிவம் எல்லாம் துணைச் சாட்சிகள்தான். நிறத்தை மட்டும் வைத்து வருடம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பெயின்ட்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

ஊர்ப் பெயரே சில சமயம் வழக்கைத் தீர்க்கும். வொர்னாடோ ஃபேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் ஓ.ஏ. சட்டன் கம்பெனி 1940-களின் நடுவிலிருந்து 1950-களின் இறுதிவரை அவற்றைச் செய்தது. இறக்கையைச் சுற்றி ஆழமான கூண்டு வளையம் வைத்து, நுனியில் கசியும் காற்றைக் கட்டுப்படுத்தியது அதன் சிறப்பு. 1989-இல் அதே பெயரை வேறொருவர் உயிர்ப்பித்தார். அந்தக் கம்பெனி இருப்பது பக்கத்து ஊரான ஆன்டோவரில். தகட்டில் ஓ.ஏ. சட்டன் என்றால் பழசு, ஆன்டோவர் என்றால் புதுசு.

கிடைத்ததை உடனே பிளக்கில் சொருகிவிடக்கூடாது. பழைய ரப்பர் வயரின் உறை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மோட்டாருக்குள் நுழையும் இடத்தில், சூட்டில் காய்ந்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். அந்த இரண்டு அங்குலம்தான் ஆளைக் கொல்லும் இடம். 1979-க்கு முந்திய எண்ணெய்க் கண்டென்சருக்குள் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். கசிந்திருந்தால் கையுறையில்லாமல் தொடாதீர்கள், காயலான் கடையிலும் போடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போட்டு உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றச் சொல்ல ஆளிருக்கிறார்கள். அது மோட்டார் ஷாஃப்ட்டைத் தாங்கும் வெண்கலப் புஷ்களுக்கு ரொம்ப நீர்ப்பு, சீக்கிரம் வழிந்துவிடும். மோட்டாருக்கென்று விற்கும் எஸ்ஏஇ 20 தர எண்ணெய், டிடெர்ஜென்ட் கலக்காதது, துளைக்கு நாலு சொட்டு. ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் கம்பளித் திரி அதைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும்.

அமெரிக்காவிலிருந்து வரும் யாராவது உங்களுக்காக ஒன்றைத் தூக்கி வந்தால், 230 வோல்ட்டை 120 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வோல்ட் சரியாகும், 60 ஹெர்ட்ஸ் வராது. நம் 50 ஹெர்ட்ஸில் ஆறு துருவ மோட்டாரின் வரம்பு 1,200-லிருந்து 1,000 சுற்றாகக் குறையும். அதே வோல்ட்டில் இரும்பில் காந்தப்பாயம், அதாவது இரும்பின் வழியே போகும் காந்தப்புலத்தின் அளவு, ஐந்தில் ஒரு பங்கு கூடும். காற்று குறைந்து, சூடு கூடி, உறுமலும் சேரும். அந்தக் காலத்து மோட்டாரில் சூட்டைப் பார்த்துத் துண்டிக்கும் ஃபியூஸும் பெரும்பாலும் இருக்காது. 100 வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் போட்டால் காந்தப்பாயம் பழைய அளவுக்கு வந்துவிடும்; வேகம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் காயில் கருகாது.