பிக்கப்பில் பெட்டி கொழுவ முதல்

அறுவடைக் காலத்தில் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் பார்த்திருப்பீர்கள். பழைய ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று, அதன் பின்னால் ரக்ரர் பெட்டி (ட்ரெயிலர்), பெட்டி நிறைய நெல் மூடை. ஓட்டுகிறவரின் லைசனில் பிக்கப்புக்கும் அனுமதி இருக்கும், ரக்ரருக்கும் இருக்கும். ‘பிறகென்ன?’ என்றுதான் அவர் கேட்பார். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. லைசன் இழுக்கிற வாகனத்துக்கு மட்டும் தரப்படுவதில்லை. எது எதை இழுக்கலாம் என்பதற்கும் சேர்த்துத்தான் தரப்படுகிறது.

லைசன் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள், வகுப்புகள் வரிசையாக இருக்கும். பிக்கப்புக்கு உரியது பீ வகுப்பு. மொத்த நிறை 3,500 கிலோவுக்கும், சாரதியோடு இருக்கைகள் 9க்கும் மேற்படாத வாகனங்கள் இதற்குள் வரும். கார், வான், டபுள் கப் எல்லாம் இதுதான். இந்த வகுப்பில் பெட்டி இழுக்கவும் இடமுண்டு. ஆனால் அந்தப் பெட்டியின் வெற்று நிறை 250 கிலோவுக்கு மேற்படக் கூடாது. வெற்று நிறை என்பது ஒரு மூடைகூட ஏற்றாமல், வெறும் இரும்பும் சில்லும் பலகையுமாக நிற்கும்போது உள்ள நிறை. நாலு சில்லு ரக்ரருக்குச் செய்த பெட்டி இதை எங்கேயோ தாண்டிவிடும். லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு ரக்ரர்) பெட்டியைக்கூட நிறுத்துப் பார்க்காமல் நம்ப முடியாது.

அதே பெட்டியை ரக்ரரில் கொழுவினால் ஒரு வில்லங்கமும் இல்லை. ஜீ வகுப்பு ரக்ரரைப் பெட்டியோடும் பெட்டியில்லாமலும் ஓட்டுவதற்கு, ஜீ1 லான்ட்மாஸ்டரையும் அதன் பெட்டியையும் ஓட்டுவதற்கு. பீயும் ஜீயும் கையில் இருப்பதால் இரண்டையும் கூட்டி, பிக்கப்பில் ரக்ரர் பெட்டி இழுக்கலாம் என்று ஆகாது. லொறிக்கான சீ1 வகுப்பில் பெட்டியின் எல்லை 750 கிலோ. அதற்கு மேல் போனால் சீஈ வகுப்பு வேண்டும்.

அப்புறம் பெட்டியின் பத்திரங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கண்ணில் பெட்டியும் ஒரு வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவுப் புத்தகம், தனி இலக்கம், ஆண்டுதோறும் தனி வருமான அனுமதிப்பத்திரம். எஞ்சின் இல்லாதபடியால் புகைப் பரிசோதனை மட்டும் அதற்கு இல்லை. பிக்கப்புக்கு அது உண்டு. புகை தள்ளுகிற பழைய டீசல் எஞ்சின் என்றால், பரிசோதனைக்குப் போக முதல் பில்டரையும் இன்ஜெக்டரையும் பார்ப்பித்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

வன்னியில் புத்தகமில்லாத பெட்டிகள் இருப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2009இல் போரின் கடைசியில் சனம் பெட்டியையே விட்டுவிட்டு ஓடியது, புத்தகத்தை யார் தேடுவது? இலக்கம் தெரிந்த, உங்கள் பெயரில் பதிந்த பெட்டி என்றால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு மாற்றுப் புத்தகத்துக்கு விண்ணப்பிக்கலாம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களக் கிளையில் முதலில் விசாரியுங்கள். இலக்கமே இல்லாத பெட்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். வாங்கினால் 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற வேண்டும். எழுதப் புத்தகம் இல்லையென்றால் எதை மாற்றுவது?

பிக்கப்பின் இன்சூரன்ஸ் பெட்டிக்கும் சேரும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பலர். பத்திரத்தில் பெட்டி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுத்தில் சேர்ப்பித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது எனக்கு ஒட்டுசுட்டான் பக்கத்தில் விளங்கியது. எங்கள் வீட்டு ஹைலக்ஸின் பம்பரில் வெல்டிங் கடையில் ஒரு கொழுக்கி ஒட்டுவித்து, இரவல் பெட்டியில் 20 மூடை ஏற்றினேன். மூடை 65 கிலோ என்று வைத்தாலும் 1,300 கிலோ. கொஞ்சத் தூரத்தில் ஸ்டியரிங் பஞ்சு போல ஆகிவிட்டது. ரக்ரர் பெட்டிக்கு ஒரே அச்சு, அதுவும் பின்னுக்குத் தள்ளித்தான் இருக்கும். பாரத்தில் ஒரு பங்கு கொழுக்கியில் இறங்கி ரக்ரரின் பின்சில்லை மண்ணில் அழுத்தட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். பிக்கப்பில் அதே பாரம் பின்பக்கத்தை அமத்தி முன்சில்லை உயர்த்துகிறது. திரும்புவதும் பாதிக்குமேல் பிறேக் பிடிப்பதும் அந்த முன்சில்லுதானே. ஒரு குழியில் விழுந்ததும் கொழுக்கி பம்பரோடு பிய்ந்து வந்தது. நல்ல காலம், பெட்டி வயல் பக்கம் இறங்கி நின்றது.

அதனால் கொழுக்கியைப் பம்பரில் ஒட்டாதீர்கள், சேஸியில் போல்ட் பூட்டிப் போடுங்கள். பழைய வண்டி என்றால் சேஸியின் பின்முனையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு தின்ற இடம் மொத்தையாகச் சத்தம் போடும். பெட்டியின் பின்னால் இலக்கத் தகடு, பிறேக் லைற், சிக்னல், சிவப்பு ஒளித்தெறிப்பி எல்லாம் வேண்டும். தண்ணீர்த் தாங்கி ஏற்றுகிறவர்கள் 1,000 லீற்றர் என்றால் ஒரு தொன் என்பதையும், அரைத் தாங்கித் தண்ணீர் வளைவில் அலையடித்து வண்டியையே இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாகனத் தராசு உள்ள நெல் ஆலைக்குப் போகிற அன்று, பாரம் இறக்கிய பிறகு பெட்டியை மட்டும் கழற்றித் தராசில் ஏற்றி, நிறை எழுதிய துண்டை வாங்கிப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 250க்கு மேல் காட்டினால் அந்தப் பெட்டி ரக்ரருக்கு.