ஸ்டாம்ப் அடித்த படத்தை வெட்டுவதற்கு முன்னால்

போன மாதம் வகுப்புக்கு வந்த ஒரு பெண், உறை நிறையக் காகிதத் துண்டுகளை மேசையில் கொட்டினார். எல்லாம் ஒரே யானைக்குட்டி. மகனின் முதல் பிறந்தநாளுக்கு 60 வாழ்த்துக் கார்டு செய்ய உட்கார்ந்திருக்கிறார். ஸ்டாம்பில் (படம் பதிக்கும் அச்சு) இங்க் தடவி அடித்து, இரண்டு ராத்திரி கண்விழித்து வண்ணம் தீட்டி, கடைசியில் டை (படத்தின் வடிவத்துக்கு வெட்டும் மெல்லிய உலோக அச்சு) வைத்து வெட்டியிருக்கிறார். பாதிக்கு மேல் கோணல். ஒன்றில் வால் பக்கம் வெள்ளை அகலமாகக் கிடக்கிறது, இன்னொன்றில் துதிக்கை நுனியே இல்லை. "அக்கா, இந்த டை சரியில்லையா?" என்று கேட்டார்.

டையில் ஒரு குறையும் இல்லை. கார்டு வகுப்பு நடத்தும் எனக்கு இது பழகிய காட்சி. பெரும்பாலும் வெட்டும்போது படம் கெடுவதில்லை. அதற்கு முன்பே, ஸ்டாம்பை பிளாக்கில் (கையில் பிடித்து அடிக்கும் கட்டை) ஒட்டும்போதே கெட்டுவிடுகிறது.

ஸ்டாம்புக்கு ஜோடியாக விற்கும் டை, படத்தைவிடச் சுற்றிலும் ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும். அந்த வெள்ளை ஓரம்தான் நம் கையில் இருக்கும் மொத்த இடம். ஓரம் ஒரே அளவாக ஓடும்போது கண் அதைக் கவனிப்பதே இல்லை. ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் முதலில் அதுதான் தெரியும்.

இப்போது நாம் வாங்கும் கண்ணாடி போன்ற ஸ்டாம்புகளில் பல, ஃபோட்டோபாலிமர் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக். ஷீட்டிலிருந்து உரித்து, இழுத்துப் பிடித்து அக்ரிலிக் பிளாக்கில் ஒட்டினால், இழுத்த வாக்கிலேயே நீண்டு ஒட்டிக்கொள்ளும். நீளமான ஸ்டாம்புகளில் இது நன்றாகவே தெரியும். அப்படி அடித்த படம் டைக்குள் அடங்காது, எவ்வளவு கவனமாக வைத்தாலும் அடங்காது. அதனால் ஸ்டாம்பைக் காகிதத்தின் மேல் தளர்வாகப் படுக்க வையுங்கள். பிளாக்கை அதன் மேல் நேராக இறக்கி எடுங்கள். ஸ்டாம்ப் தன் இயல்பான அளவிலேயே ஏறி வரும். அடிக்கும்போதும் உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்த வேண்டாம். அழுத்தினால் கோடு தடிக்கும், படம் மொத்தமும் கொஞ்சம் பரவும்.

அடுத்தது, எதை முதலில் செய்வது என்ற கேள்வி. ஒன்றிரண்டு கார்டு என்றால் ஸ்டாம்ப் அடித்துவிட்டு வெட்டலாம். பத்துக்கு மேல் போனால், முதலில் வெட்டிவிட்டு அப்புறம் ஸ்டாம்ப் அடியுங்கள். தலைகீழாகத் தோன்றும், ஆனால் மொத்த வேலைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கார்டுக்கு எடுக்கும் அதே தடிமன் தாளில் டையால் ஒரு வடிவத்தை வெட்டி எடுங்கள். மிச்சமிருக்கும் ஓட்டையுள்ள தாள்தான் முக்கியம்; நான் அதை ஜன்னல் என்பேன். மிஸ்டி மாதிரி, கீல் வைத்த மூடியுள்ள ஸ்டாம்பிங் பலகை இருந்தால், ஜன்னலை அதன் மூலையில் டேப் போட்டு அசையாமல் ஒட்டிவிடுங்கள். வெட்டிய துண்டைத் திரும்ப ஓட்டைக்குள் வையுங்கள். அதன் மேல் ஸ்டாம்பைக் கவிழ்த்து, நாலு பக்கமும் ஓரம் சமமாக வரும்வரை பொறுமையாக நகர்த்துங்கள். பிறகு மூடியை இறக்கினால் ஸ்டாம்ப் மூடியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணால் அளக்கும் வேலை அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு துண்டை மாற்றுவது, இங்க் தடவுவது, மூடுவது, அவ்வளவே. அறுபதாவது யானையும் முதல் யானை போலவே விழும். மேலே சொன்ன பெண்ணுக்கு அன்றே இதைச் செய்து காட்டினேன். ஒரு மணி நேரத்துக்குள் அறுபதும் அடித்து முடித்துவிட்டார்.

வாட்டர் கலர் பூசப்போகும் படத்துக்கு மட்டும் இன்னொரு விஷயம் இருக்கிறது. தண்ணீர் பட்ட காகிதம் இழை ஓடும் திசையைவிட அதன் குறுக்கே அதிகம் விரியும்; காயும்போது சுருளும். சுருண்ட தாளில் டை தட்டையாக உட்காராது. ஸ்டாம்ப் அடித்து வண்ணம் தீட்டியிருந்தால், நன்றாகக் காயவிட்டு, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு வெட்டுங்கள்.

இங்க்கையும் பார்த்து எடுக்க வேண்டும். காப்பிக் போன்ற ஆல்கஹால் மார்க்கருக்கு மெமெண்டோ மாதிரி சாய இங்க் (dye ink; வெட்டும் டை வேறு) சரியாக வரும். ஸ்டேஸ்ஆன் கரைப்பான் வகை இங்க். ஆல்கஹால் பட்டால் அதன் கருப்புக் கோடு கரைந்து முகமெல்லாம் ஈஷிவிடும். பிக்மென்ட் இங்க் மெதுவாகத்தான் காயும். அவசரப்பட்டு அதன் மேல் டையை வைத்து நகர்த்தினால் கறை ஓரம் முழுக்க இழுபடும்.

டையை அசையாமல் பிடிக்க வாஷி டேப் அல்லது பேப்பர் டேப் போதும். செலோ டேப் வேண்டவே வேண்டாம், வண்ணத்தோடு காகிதத்தின் தோலையும் உரித்து எடுத்துவிடும். பேப்பர் டேப்பைக்கூட முதலில் துணியில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பிசினைக் குறைத்துக்கொள்கிறேன்.

இனி மெஷின்: டையையும் காகிதத்தையும் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே வைத்து, கைப்பிடியைச் சுற்றி ரோலரில் அழுத்தி வெட்டுவது. மெல்லிய உலோக டைகளில் ஒரு பக்கம்தான் விளிம்பு எழும்பியிருக்கும், அந்தப் பக்கம்தான் காகிதத்தைப் பார்க்க வேண்டும். எந்தத் தட்டு மேலே, எது கீழே என்பது மெஷினுக்கு மெஷின் மாறும்; கூடவரும் தாளைப் படித்துவிட்டு அடுக்குங்கள். ஓரிடத்தில் மட்டும் வெட்டவில்லை என்றால், உடனே கைப்பிடியை மல்லுக்கட்டிச் சுற்றாதீர்கள். சாதாரண ஏ4 தாள் ஒன்றை அடுக்கில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், தேவையானால் இன்னொன்று. அச்சகத்தில் டை கட்டிங் செய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: வெட்டாத இடத்துக்கு அடியில் மெல்லிய தாளை ஒட்டி ஒட்டி அழுத்தத்தைச் சரிசெய்வார்கள். பிளாஸ்டிக் தட்டு படபடவென்று சத்தம் போடுவது சாதாரணம். கைப்பிடி இறுகி நின்றால் மட்டும் பின்னால் சுற்றி வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையும்.

வெட்டி வெட்டிக் கோடு விழுந்த தட்டின் மேல் நல்ல படத்தை வைக்காதீர்கள். அந்தக் கோடெல்லாம் படத்தில் மேடாகப் பதியும். ஒரு ஜோடித் தட்டை ஸ்டாம்ப் படங்களுக்கென்று தனியாக ஒதுக்கிவிட்டேன். நுணுக்கமான டையில் காகிதம் சிக்கினால், இடையில் ஒரு துண்டு பட்டர் பேப்பர் வைத்து ஓட்டிப் பாருங்கள், சுலபமாகக் கழன்றுவிடும்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். குழந்தை தட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். ரோலர் தட்டைப் பிடித்த பிறகு அதுவே இழுத்துக்கொள்ளும், தள்ளத் தேவையே இல்லை. என் வகுப்பில் கைப்பிடியைச் சுற்றுகிறவரே தட்டையும் வைக்க வேண்டும். ஒரு மெஷினில் இரண்டு பேர் கை இருக்கக் கூடாது. ஒரு சிறுவனின் நகம் நசுங்கியதற்குப் பிறகு வைத்த விதி இது. அன்று நான் அந்த மேசைக்கு இரண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கார்டை விற்கப் போகிறீர்கள் என்றால் இதையும் பார்த்துவிடுங்கள். ஸ்டாம்பை விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ஓவியத்தின் உரிமை வரைந்தவரிடமோ நிறுவனத்திடமோதான் இருக்கிறது. ஏஞ்சல் பாலிசி என்ற பெயரில் பல நிறுவனங்கள் தங்கள் நிபந்தனையை எழுதி வைத்திருக்கின்றன. கையால் ஒவ்வொன்றாக அடித்த கார்டை விற்கப் பெரும்பாலும் அனுமதி உண்டு. சிலர் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பார்கள், சிலர் கார்டில் தங்கள் பெயரைப் போடச் சொல்வார்கள். ஒரு தடவை அடித்ததை ஸ்கேன் எடுத்து 500 பிரின்ட் போட்டு வெட்டி விற்பதைப் பொதுவாக யாரும் அனுமதிப்பதில்லை. கல்யாண ஆர்டர் எடுக்கும் புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முன்பணம் வாங்குவதற்கு முன் அந்த நிறுவனத்தின் நிபந்தனையை ஒருமுறை படியுங்கள். சந்தேகம் இருந்தால் மெயில் அனுப்பிக் கேளுங்கள். நான் எழுதிக் கேட்டபோதெல்லாம் பதில் வந்திருக்கிறது.