ஆவணி இடிமழை: 'ஓரிரு இடங்களில்' என்பதை எப்படிப் படிப்பது?

"என்னா சார், மழன்னு சொன்னீங்க, ஒரு தூத்தல்கூட இல்லியே?"

ஆவணி பிறந்துவிட்டால் வந்தவாசி, செய்யாறு, உத்திரமேரூர் பக்கமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். மீதிப் பாதி நேர் எதிர்: "சொல்லவே இல்லியே சார், களத்துல நெல்லு மொத்தமும் நனைஞ்சிடுச்சி." சில நாள் இரண்டு அழைப்பும் ஒரே மாலையில், பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து வரும். இருவருக்கும் நான் அனுப்பியது ஒரே குறுஞ்செய்திதான்: ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.

வேளாண் வானிலை ஆலோசனை எழுதுவது என் தொழில். அதில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் சொல் இந்த 'ஓரிரு இடங்களில்'தான். மழை கொஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அளவைச் சொல்வதில்லை, பரப்பைச் சொல்கிறது. ஒரு பகுதியிலுள்ள மழைமானிகளில் கால்வாசி வரை மழை பதிவாகும் என்பது இந்திய வானிலைத் துறையின் கணக்கு. பாதி வரை போனால் 'ஒருசில இடங்கள்', முக்கால் வரை 'அநேக இடங்கள்'. மழை கிடைக்கும் அந்தக் கால்வாசியில் ஓர் ஊருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர்கூடக் கொட்டலாம். அடுத்த ஊரில் புழுதி பறக்கும்.

ஏன் இப்படித் திட்டுத் திட்டாகப் பெய்கிறது? தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிட்டு, உலர்ந்த மேலைக்காற்றாக நம் சமவெளிக்கு இறங்குகிறது. நண்பகல் வரை தரை காய்கிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. இரண்டும் முட்டும் கோட்டில் காற்று மேலெழுந்து, பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் கட்டுகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணிப் பக்கம் நாலு மணிக்குத் திரளும் மேகக் கூட்டம் கிழக்கே நகர்ந்து, பல நாள் இரவில்தான் காஞ்சிபுரத்தையும் சென்னையையும் தொடும். தனி மேகம் ஒன்றின் ஆயுள் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஆனால் அது கொட்டும் குளிர்காற்று பக்கத்தில் இன்னொன்றைக் கிளப்பிவிடும். எந்த ஊர் தலைமேல் கிளப்பும் என்பதை ஐந்து நாள் முன்னறிவிப்பில் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

மத்திய இந்தியாவில் பருவமழை ஓய்ந்திருக்கும் நாட்களில் மட்டும் நமக்கு வாய்ப்பு கூடும். அங்கே வறட்சிச் செய்தி வந்தால் இங்கே நெல்லை மூடத் தயாராக இருங்கள்.

"வெயில் கொளுத்துது, சாயங்காலம் மழ வந்துடும்" என்பது பாதி உண்மை. ஆகஸ்டில் சென்னையிலும் வேலூரிலும் சராசரி பகல் உச்சம் 35 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலைக்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமானால் 37, 38-ம் தொடும். அப்படிப்பட்ட வறண்ட நாளில் வெறும் வெயில்தான், மேகம் கட்டாது. வெப்பமானியைவிடப் புழுக்கத்தைக் கவனியுங்கள். மேகம் உடைந்து கொட்டினால் அரை மணிக்குள் எட்டு, பத்து டிகிரி இறங்கிவிடும். அந்தக் குளிர்ச்சியை நம்பி வாரம் முழுக்கத் திட்டம் போட வேண்டாம். மறுநாள் மண் ஈரம் ஆவியாகி, வியர்வை கூடவே வரும்.

மழையை வாய்ப்பாகப் பார்க்கலாம், மின்னலை அப்படிப் பார்க்கக் கூடாது. 'இடி விழுந்து இறந்தார்' என்று எழுதுகிறோம், விழுவது மின்னல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021-இல் மட்டும் நாட்டில் 2,880 பேர் மின்னலுக்குப் பலி. மழை தொடங்கட்டும், அப்புறம் ஒதுங்கலாம் என்று வேலையை முடிக்கப் பார்ப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். மின்னல் தெரிந்ததும் நொடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கான்கிரீட் வீட்டுக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி வரை வெளியே வராதீர்கள். புளியமரத்தடியும் திறந்த மோட்டார் கொட்டகையும் பாதுகாப்பல்ல. மாட்டை மரத்தடியில் கட்டாதீர்கள், மரத்தில் இறங்கும் மின்சாரம் தரை வழியே கால்களுக்கு ஏறும். கையிலிருக்கும் செல்போன் மின்னலை இழுக்காது. சார்ஜரில் செருகிய போனைப் பிடித்துப் பேசுவதுதான் ஆபத்து.

மின்னல் தாக்கியவரைத் தொடப் பலர் பயப்படுகிறார்கள். அவர் உடம்பில் மின்சாரம் மிச்சமிருக்காது. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி அருகில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். என்னைக் கேட்டால், காலையில் வரும் குறுஞ்செய்தியைவிட மூன்று மணிக்கு மேல் பார்க்கும் ராடார் படம் அன்றைய நெல்லுக்கு அதிகம் உதவும்.

போன வாரம் உத்திரமேரூர்க்காரர் ஒருவர் நாலரை மணிக்கே கூப்பிட்டார். "சார், ராடார்ல ராணிப்பேட்டை பக்கம் செவப்பா தெரியுது. தார்ப்பாய் போட்டுட்டேன். நம்ம பக்கம் வருமா?"

"வரலாம்" என்றேன்.