ஏசல்ஸ்ப்ருக்க: கழுதைக்குக் கட்டிய பாலம்

ஜெர்மன் படிக்கத் தொடங்கினால் முதல் சில வாரங்கள் சிரிப்பிலேயே போய்விடும். கையுறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹாண்ட்ஷூ, கைக்குப் போடும் செருப்பு. ஆமை ஷில்ட்க்ரோட்ட, கேடயம் சுமக்கும் தேரை. குண்டு பல்பு அவர்களுக்கு ஒளிரும் பேரிக்காய். ரொம்பவும் சிரிக்க வேண்டாம். மூக்குக்கண்ணாடி என்ற நம் சொல்லை ஒரு ஜெர்மன்காரருக்குப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள், மூக்கைப் பார்த்துக்கொள்ளவா தனிக் கண்ணாடி என்று கேட்பார்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது ஏசல்ஸ்ப்ருக்க. ஏசல் என்றால் கழுதை, ப்ருக்க என்றால் பாலம். நடுவில் நிற்கும் 'ஸ்' வெறும் ஒட்டு. கழுதையையும் பாலத்தையும் நாம் 'ப்' போட்டு ஒட்டுகிறோம், அவர்கள் 'ஸ்' போட்டு ஒட்டுகிறார்கள். 'ப்ருக்க'வில் வரும் உகரம் நம்மிடம் இல்லாத ஒலி. 'இ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை 'உ'வுக்குக் குவித்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

மனதில் நிற்காத ஒன்றை நிறுத்திக்கொள்ள நாம் கட்டிக்கொள்ளும் வேடிக்கையான வாக்கியம், எதுகை, முதலெழுத்து விளையாட்டு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்தான் இந்தக் கழுதைப்பாலம். பதில் தெரியாமல் விழிக்கும் பையனுக்கு ஆசிரியர் ஒரு துப்பு கொடுத்தாலும், அவனுக்குக் கழுதைப்பாலம் கட்டிக் கொடுத்தார் என்பார்கள்.

கழுதை எப்படி உள்ளே வந்தது? கழுதை தண்ணீரில் இறங்கத் தயங்கும் விலங்கு. ஓடை கணுக்காலளவுதான் இருக்கும், ஆனால் மேற்பரப்பு மினுங்குவதால் அடி தெரியாது. அடி தெரியாத இடத்தில் அது கால் வைக்காது, அடித்தாலும் நகராது. அதனால் மூட்டை சுமந்து போகும் கழுதைகளுக்காக ஓடைகளின் மேல் சின்னச் சின்னப் பாலங்கள் போட்டார்கள், அதிலிருந்து வந்த சொல் இது என்பது ஜெர்மன்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். கொஞ்சம் சுற்றுவழிதான். ஆனால் முரண்டு பிடிக்கும் கழுதையோடு மல்லுக்கட்டுவதைவிடச் சீக்கிரம் போய்ச் சேரலாம். நம் ஊரில் கழுதை கெட்டால் குட்டிச்சுவர், அங்கே அதற்குப் பாலம்!

படித்தவர்கள் பக்கத்திலிருந்து இன்னொரு வேரும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவின் தர்க்கப் பாடத்தில், மந்த மாணவர்களைக் கரை சேர்க்க வரைந்த ஒரு படத்துக்கு லத்தீனில் 'போன்ஸ் அசினோரும்', கழுதைகளின் பாலம், என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், இதே லத்தீன் தொடர் இங்கிலாந்துக்குப் போனதும் தலைகீழாகிவிட்டது. அங்கே அது பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியல் நூலில், முதல் பகுதியில் வரும் 5ஆம் தேற்றத்தின் பட்டப்பெயர்: இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம். அதைத் தாண்ட முடியாதவன் கழுதை என்று பொருள். ஆங்கிலேயருக்குக் கழுதையை வடிகட்டும் பாலம், ஜெர்மன்காரருக்குக் கழுதையையும் ஏற்றிவிடும் பாலம். என் ஓட்டு இரண்டாவதற்கு.

சரி, பாலங்கள் எப்படி இருக்கும்? ஜெர்மன் மாணவர்கள் பலருக்கும் தெரிந்த ஒன்று: "த்ரை த்ரை த்ரை, பை இஸ்ஸோஸ் கைலரை." மூணு மூணு மூணு, இஸ்ஸோஸில் அடிதடி. கி.மு. 333இல் அலெக்சாண்டர் பாரசீக அரசன் தாரியுஸைத் தோற்கடித்த போர், தெருச்சண்டை மாதிரி மனதில் உட்கார்ந்துவிடுகிறது. திசைகளுக்கு 'சோப்பு இல்லாமல் கழுவாதே' என்ற வாக்கியம். அதன் ஜெர்மன் வடிவத்தில் நான்கு சொற்கள், அவற்றின் முதலெழுத்துகள் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று கடிகாரம் சுற்றும் வரிசையில் வரும். கோள்களுக்கு, 'அப்பா எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் நம் ஒன்பது கோள்களை விளக்குவார்' என்று பொருள்படும் வாக்கியம் இருந்தது. 2006இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தார்களே, பாவம் அப்பாவும் பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது அவர் இரவு வானத்தை விளக்குகிறார்.

இதைவிட நல்ல கதை எஸ், டே என்ற இரண்டு எழுத்துகளுடையது. வரியின் கடைசியில் ஒரு சொல்லை உடைக்க நேர்ந்தால், சேர்ந்து நிற்கும் இந்த இரண்டையும் பிரிக்கக்கூடாது என்பது பழைய விதி. 'எஸ்டேயைப் பிரிக்காதே, அதற்கு வலிக்கும்' என்று எதுகையோடு சொல்லிக்கொடுத்தார்கள். 1996இன் எழுத்துச் சீர்திருத்தம் அந்த விதியை நீக்கிவிட்டது. ஆறு போய்விட்டது, பாலம் மட்டும் பழைய மாணவர்களின் தலைக்குள் நிற்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். பொருள் நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் இவற்றுக்கு டண்ணகரம், றன்னகரம் என்ற பெயர்கள் உண்டு. ட-வுக்கு முன்னால் வருவது டண்ணகரம்: மண்டபம், கண்டம். ற-வுக்கு முன்னால் வருவது றன்னகரம்: தென்றல், கன்று. த-வுக்கு முன்னால் தந்நகரம்: பந்து. பெயருக்குள்ளேயே பாலத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். 'மன்டபம்' என்று எழுதிக் குட்டு வாங்கிய எனக்கு இதைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை என்பது தனி வருத்தம்.

அப்புறம் அந்தப் பழைய வெண்பா: "நற்றிணை நல்ல குறுந்தொகை ஐங்குறுநூறு..." எட்டுத்தொகை என்ற சங்க நூல்கள் எட்டின் பெயரையும் ஒரே வெண்பாவில் அடக்கிய வேலை. அதில் பதிற்றுப்பத்துக்கு வரும் 'ஒத்த', பரிபாடலுக்கு வரும் 'ஓங்கு' என்ற அடைமொழிகளில் யாப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் அப்படி ஒட்டிய 'நல்ல' குறுந்தொகையோடே தங்கி, இன்றைக்கும் 'நல்ல குறுந்தொகை' என்றே பலர் சொல்கிறார்கள்.

இத்தனை இருந்தும் இவற்றுக்கென்று வாயில் புழங்கும் பொதுப்பெயர் நம்மிடம் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் 'ஷார்ட்கட்' என்கிறார்கள். 'நினைவூட்டி'யைப் போடலாமென்றால், அது இப்போது கைபேசியில் மணியடிக்கும் வேலைக்குப் போய்விட்டது. நினைவுக்குறிப்பு வாழ்க்கை வரலாற்றுக்காரர்களுடையது. சூத்திரம், நூற்பா என்பவை விதியையே குறிப்பவை. விதி சரியாக இருக்க வேண்டும், பாலமோ அபத்தமாக இருக்கலாம், அபத்தமாக இருந்தால்தான் நிற்கும். 'நினைவு முடிச்சு' அழகான சொல்தான். முந்தானையில் முடிச்சுப் போட்டு வைப்பது நமக்குத் தெரிந்த பழக்கம், ஜெர்மன்காரர்களும் கைக்குட்டையில் முடிச்சுப் போடுவார்கள். ஆனால் ஏதோ ஒன்றை மறந்திருக்கிறோம் என்று மட்டும்தான் முடிச்சு சொல்லும். எதை என்று சொல்லாது.

எனவே பாடநூலுக்கும் அகராதிக்கும் நான் பரிந்துரைப்பது நினைவுப்பாலம். கேட்டவுடனே புரிகிறது, தேவையானால் 'பாலம் போட்டுக்கொள்' என்று வினையாகவும் பேசலாம். ஒரே குறை, அதில் கழுதை இல்லை. நண்பர்களுக்குள் பேசும்போது கழுதைப்பாலம் என்றே சொல்லிக்கொள்ளலாம், தன்னையே கழுதை என்று ஒத்துக்கொள்ளும் அந்தப் பெருந்தன்மை போய்விடக் கூடாது. தெருவில் மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டாம். கடைசி 'அம்' காதில் விழாமல் போனால், கைக்குழந்தைக்குக் கழுதைப்பால் கேட்கிறீர்கள் என்று நினைத்து யாராவது சங்கோடு வந்து நிற்பார்கள்.