புளித்தமாவா, புளிப்புமாவா?

ரொட்டி சுடுவதையே ஜெபமாகக் கொள்ளும் கிறிஸ்தவர்கள் அடிக்கடி நாடும் வசனங்களில் ஒன்று மத்தேயு 13:33. ஒரு பெண் கொஞ்சம் மாவை எடுத்து மூன்று அளவு மாவுக்குள் வைக்கிறாள். மாவு முழுவதும் புளிக்கிறது. விண்ணரசு அப்படிப்பட்டது என்கிறார் இயேசு. அவள் எடுத்த அந்தக் கொஞ்சம் மாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘புளித்த மாவு’ என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘புளிப்பு மாவு’ என்கிறது. அற்ப வேறுபாடுபோலத் தோன்றும். ஆனால் ‘புளித்த’ என்பது வேலை முடிந்துவிட்ட மாவு. கொட்டிவிடலாமா என்று யோசிக்கவைக்கும் சொல். உவமையில் வருவதோ இனிமேல்தான் வேலை செய்யப்போகிற மாவு. முந்தைய நாள் பிசைந்ததில் ஒரு பிடி எடுத்துவைத்து, அடுத்த நாள் மாவுக்கு உயிர் கொடுக்கும் வித்து அது. அதனால் என் வாக்கு புளிப்புமாவுக்கே. இன்னும் சுருக்கிப் ‘புளிமா’ என்று சொல்லிப் பார்த்தேன். யாப்பு படித்தவர்கள் தேமாவைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். தயிருக்கு இடும் உறையை நினைத்து ‘உறைமா’ என்றால், குளிரில் உறைந்த மாவு என்று பொருள்படும்.

மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘சூமே’. புளிப்பில்லாததற்கு ‘அசூமோஸ்’. நற்கருணைக்குப் புளிப்பில்லா அப்பமா, புளித்த அப்பமா என்று 11ஆம் நூற்றாண்டில் கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் மோதிக்கொண்டது ‘அ’ என்ற இந்த ஓரெழுத்தைச் சுற்றித்தான். நாம் ‘நொதி’ என்று தமிழாக்கியிருக்கும் என்சைம் என்ற அறிவியல் சொல்லிலும் இதே சூமே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் புளிப்புமாவுக்கு வழங்கும் ‘லெவன்’ (leaven) வேறு வழியில் வந்தது: லத்தீனில் ‘உயர்த்து’ என்று பொருள்படும் ‘லெவாரே’ அதன் வேர். ஆங்கிலம் மாவு எழும்புவதைப் பார்க்கிறது, தமிழ் சுவையைப் பார்க்கிறது. கலாத்தியர் 5:9இல் மட்டும் நம் பழைய மொழிபெயர்ப்பும் ‘உப்பப்பண்ணும்’ என்று மாவின் உயரத்தைக் கவனித்துவிடுகிறது.

‘ஈஸ்ட்’ என்று எழுதினால் என்ன? கடையில் வாங்கும் தூளுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். புளிப்புமாவில் ஈஸ்டோடு லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் சேர்ந்து வாழ்கின்றன. புளிப்பைத் தருபவை பெரும்பாலும் அவையே. நல்லதைப் பரப்பும் அதே குணம் கெட்டதையும் பரப்பும் என்பதால்தான், பரிசேயர் என்ற யூத சமயப் பிரிவினரின் வெளிவேடத்துக்கும் இயேசு இதே சொல்லைப் பயன்படுத்துகிறார் (லூக்கா 12:1). சொல் ஒன்றே, எச்சரிக்கையும் வாக்குறுதியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தியானத்துக்கு உட்காருகிறவர் இதில் வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

அளவுக்கு வருவோம். பழைய மொழிபெயர்ப்பில் ‘மூன்றுபடி’. நம் படிக்கணக்கில் அது ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான். ஒரு பெரிய குடும்பத்துக்கான மாவு. மூலத்தில் இருக்கும் ‘சாத்தோன்’ என்னும் அளவு ஏறக்குறைய 13 லிட்டர். மூன்று என்றால் 40 லிட்டருக்கு அருகில், நூறு பேருக்குமேல் உண்ணலாம். மாம்ரேயில் வந்த மூன்று விருந்தாளிகளுக்கு ஆபிரகாமின் மனைவி சாராள் பிசைந்ததும் இதே மூன்று அளவுதான் (ஆதியாகமம் 18:6). பொது மொழிபெயர்ப்பின் ‘மரக்கால்’ உண்மைக்கு நெருங்கி வருகிறது.

பெண் என்ன செய்தாள் என்பதில்தான் எனக்குப் பழையது பிடிக்கிறது. கிரேக்கம் ‘ஒளித்துவைத்தாள்’ என்கிறது. பொது மொழிபெயர்ப்பு ‘பிசைந்து வைத்தார்’ என்று சமையல் குறிப்பாக்கிவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் ‘அடக்கிவைத்தாள்’. உள்ளே வைப்பதும் அடக்கம், பணிவும் அடக்கம், இறந்தவரைப் புதைப்பதும் அடக்கம். கிரேக்கத்திலும் இல்லாத இந்த மூன்றாம் பொருள் தமிழில் தானாக வந்து சேர்ந்திருக்கிறது. முதல்முறை புளிப்புமாவு வைத்தபோது இரவில் நான்கு தடவை எழுந்து மூடியைத் திறந்து பார்த்தவன் நான். ஒவ்வொரு தடவையும் மாவு அப்படியே கிடந்ததாகத்தான் தெரிந்தது. காலையில் மூடி சரிந்து கிடந்தது.

ஆகவே மாவு பிசையும்போது பெயர்ச்சொல்லைப் புதிய மொழிபெயர்ப்பிலிருந்தும் வினைச்சொல்லைப் பழையதிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன்: புளிப்புமாவை அடக்கிவைத்தாள்.