ஏலத்தில் எடுத்த பொருள் எப்போது உங்களுடையதாகும்?

பொருள் வைத்துக்கொள்ள வாடகைக்கு விட்ட அறையை, வாடகை பாக்கிக்காகக் கிடங்கு நிறுவனம் ஏலம் விட, அதை மொத்தமாக எடுத்து, உள்ளே இருந்ததை விற்றும் விட்ட பழைய சாமான் வியாபாரிகள், பொருளின் உண்மையான சொந்தக்காரர் புகார் கொடுத்த பிறகு காவல் நிலைய அழைப்பாணையோடு வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வருவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. அவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "ஏலத்தில்தானே சார் எடுத்தேன், பணமும் கட்டிவிட்டேன்." இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஏலம் என்பது விலையை முடிவு செய்யும் ஒரு முறை. உரிமையைப் புதிதாக உண்டாக்கும் சடங்கு அன்று. மூன்று முறை கூவிச் சுத்தியலைத் தட்டினால் விற்பனை முடிவடைகிறது என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவை யாரும் படிப்பதில்லை. சொந்தக்காரராக இல்லாதவர், சொந்தக்காரரின் அதிகாரமோ சம்மதமோ இல்லாமல் ஒரு பொருளை விற்றால், சில விதிவிலக்குகளைத் தவிர, வாங்கியவருக்கு விற்றவரிடம் இருந்ததைவிட மேலான உரிமை கிடைக்காது. விற்றவரிடமே உரிமை இல்லையென்றால் நூறு பேர் முன்னிலையில் கூவி விற்றாலும் இல்லாதது இல்லாததுதான்.

வாடகை தராதவரின் பொருளைக் கிடங்குக்காரர் விற்கக்கூடாதா என்று கேட்பார்கள். பிடித்து வைக்கும் உரிமை வேறு, விற்கும் உரிமை வேறு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்தியவர் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைக்க மட்டுமே அனுமதிக்கிறது. 171ஆம் பிரிவு வங்கியாளர், படகுத்துறைக்காரர் போன்ற சிலருக்குத் தரும் பொது உரிமையும் பிடித்து வைப்பதற்கானதே. அந்தப் பட்டியலில் சாதாரணக் கிடங்குக்காரர் இல்லை. அமெரிக்க மாநிலங்களில் சேமிப்பு அறைகளுக்கென்றே தனிச் சட்டங்கள் இருக்கின்றன. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஏலங்கள் அவற்றின் பலத்தில் நடப்பவை. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லாததால், அறையை வாடகைக்கு எடுத்தவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் விற்கும் அதிகாரம் தெளிவாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. "உள்ளது உள்ளபடியே" என்று ஏல அறிவிப்பில் போடும் வாசகம் பொருளின் நிலையைப் பற்றியது. பிறர் உடைமையை உங்களுடையதாக்கும் மந்திரம் அன்று.

சட்டமே நேரடியாக விற்பனைக்கு வழி செய்திருக்கும் இடங்களும் உண்டு. துறைமுகத்தில் இறங்கி 30 நாட்களுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை, இறக்குமதியாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியுடன் விற்கலாம் என்கிறது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. லாரி நிறுவனங்களுக்கு 2007ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. அங்கே பெறுநர் எடுத்துச் செல்லாத, அழுகும் தன்மையில்லாத சரக்குக்கு முதலில் 30 நாள் அறிவிப்பு, அதன் பிறகு 15 நாள் அறிவிப்பு. சென்னை மாதவரத்தில் லாரி சரக்கு ஏலம் எடுப்பவர்கள் இந்த இரண்டு அறிவிப்புகளின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறையைத் திறந்த பிறகு வரும் சிக்கல்கள் தனி. பொருள் உங்களுக்கு முறையாக விற்கப்பட்டிருந்தாலும் சிலவற்றை வைத்திருப்பதே குற்றம். துப்பாக்கியோ தோட்டாவோ இருந்தால் தொடாமல் உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். தந்தம், புலித்தோல் போன்றவற்றுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்; "தாத்தா காலத்துப் பொருள்" என்பது அங்கே பதிலாகாது. நூறு ஆண்டுகளைக் கடந்த சிலைகள் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அது கோயில் சிலையாக இருந்துவிட்டால் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடவுச்சீட்டு, அது யார் பெயரில் இருந்தாலும், 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் சொத்து. பிறருடைய கடவுச்சீட்டையும் ஆதார் அட்டையையும் சொத்துப் பத்திரங்களையும் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போடாதீர்கள். கிடங்கு நிறுவனத்திடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். குடும்பப் புகைப்படங்களையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்பது சட்டம் சொல்வது அன்று, என் வேண்டுகோள்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், திருட்டுப் பொருளைப் பெறுவது பற்றிய 317ஆம் பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் பெற்றாலோ வைத்திருந்தாலோதான் குற்றம். ரசீது இல்லாமல் ரொக்கமாக, அடிமாட்டு விலைக்கு வாங்கியவரால் தமக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை என்று நம்ப வைப்பது எளிதன்று. ஆகவே பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். விற்கும் அதிகாரம் எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அறையைத் திறக்கும்போது காணொளி எடுங்கள். மோட்டார் வாகனம் இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றுவதற்கு முன் அதை ஓட்டாதீர்கள், உதிரி பாகமாக்கிச் சென்னையின் பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டைக்கும் அனுப்பாதீர்கள்.

சொந்தக்காரர் என்று ஒருவர் வந்து நின்றால், அவசரப்பட்டு மிச்சப் பொருளை விற்றுத் தீர்ப்பதுதான் பலரும் செய்வது, அதுதான் வழக்கையும் கெடுப்பது. பொருளை அப்படியே வைத்துவிட்டு, ஆவணங்களோடு வழக்கறிஞரைப் பாருங்கள். விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லையென்று ஆனால், கொடுத்த பணத்தை அவரிடமிருந்தே திரும்பக் கேட்கச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உங்களுக்கு வழி வைத்திருக்கிறது.