சுயநிர்ணயத்தைத் தன்னாட்சி என்று எழுதாதீர்கள்

"தன்னாட்சி கேட்டுப் போராடும் போலிசாரியோ முன்னணி" என்ற வரி, மேற்கு சகாரா பற்றிய தமிழ்ச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மேற்கு சகாரா என்பது வடமேற்கு ஆப்பிரிக்காவில், பெரும்பகுதி மொராக்கோவின் பிடியில் இருக்கும் நிலம். அதன் விடுதலைக்குப் போராடும் இயக்கம் போலிசாரியோ. இது முழுத் தவறு. தன்னாட்சி தருகிறேன் என்பது மொராக்கோ. அது போதாது என்பது போலிசாரியோ. அவர்கள் கேட்பது சுயநிர்ணயம், அதாவது தங்கள் நிலத்தின் கதியைத் தாங்களே முடிவு செய்யும் உரிமை. ஒரே ஒரு சொல் மாறியதால், ஐம்பது ஆண்டுச் சிக்கலின் இரு தரப்பும் தமிழில் இடம் மாறி நிற்கின்றன.

சுயம், நிர்ணயம் இரண்டும் வடசொற்கள். விலை நிர்ணயம் என்கிறோமே, அந்த நிர்ணயம்தான். அரபியில் இது தக்ரீருல் மஸீர். மஸீர் என்றால் போய்ச்சேரும் கதி. அதை முடிவு செய்வது தக்ரீர். தன்னாட்சிக்கு அங்கே அல்ஹுக்முத் தாத்தி என்று தனிச்சொல் உண்டு. ஹுக்ம் என்றால் ஆட்சி.

தன்னாட்சி என்பதன் அளவு நமக்குத் தெரியாததல்ல. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டம் வகுக்கும், வினாத்தாள் எடுக்கும், தேர்வும் நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். மொராக்கோ 2007 ஏப்ரலில் ஐ.நா.விடம் கொடுத்த திட்டமும் அப்படித்தான். சகாரா பகுதிக்குத் தனிச் சட்டமன்றம் உண்டு. அது தேர்ந்தெடுக்கும் தலைவருக்குப் பதவி வழங்குபவர் மன்னர். கொடி, நாணயம், பாதுகாப்பு, வெளியுறவு எல்லாம் மொராக்கோ தலைநகர் ரபாத்தின் கையில். இதற்குத் தன்னாட்சி என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்துவதாலேயே வேறொன்றுக்கு அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

சுயநிர்ணயம் இதற்கு முந்தைய கேள்வி: பல்கலைக்கழகத்தோடு இணைவதா வேண்டாமா என்பதையே யார் முடிவு செய்வது? ஸ்பெயினின் குடியேற்ற நாடாக இருந்த இந்த நிலத்தைப் பற்றி ஹேக் பன்னாட்டு நீதிமன்றம் 1975 அக்டோபர் 16 அன்று கருத்துரை வழங்கியது. மொராக்கோ சுல்தானுக்கும் அங்கிருந்த சில குலங்களுக்கும் விசுவாசப் பிணைப்பு இருந்தது என்றது. ஆனால் சுயநிர்ணயக் கொள்கையைத் தடுக்கும் அளவுக்கு மண்ணுரிமைப் பிணைப்பு எதுவும் இல்லை என்றது. மூன்றே வாரத்தில், நவம்பர் 6 அன்று, அந்த நிலத்துக்கு உரிமை கோரி மொராக்கோ நடத்திய பசுமைப் பேரணியில் 3,50,000 பேர் எல்லைக்குத் திரட்டப்பட்டார்கள். அந்தக் கருத்துரையில் சுயநிர்ணயம் வரும் இடத்தில் தன்னாட்சி என்று போட்டுப் படித்துப் பாருங்கள், தீர்ப்பே மொராக்கோவுக்குச் சாதகமாகத் திரும்பிவிடும்.

மொராக்கோவுக்கும் போலிசாரியோவுக்கும் இடையிலான சண்டை 1991இல் நின்றது பொதுவாக்கெடுப்பு நடத்தும் உறுதியின் பேரில். வாக்காளர் யார் என்பதிலேயே அது முடங்கியது. ஸ்பெயின் 1974இல் எடுத்த கணக்கில் சுமார் 74,000 பேர். அதற்கு வெளியே பல்லாயிரம் பேரைச் சேர்க்கச் சொன்னது மொராக்கோ. ஐ.நா. சலித்தெடுத்த பட்டியலில் சுமார் 86,000 பேர் தேறினார்கள். மேல்முறையீடுகளோ ஒரு லட்சத்தைத் தாண்டின. 2003இல் ஐ.நா. தூதர் ஜேம்ஸ் பேக்கர் கொண்டுவந்த திட்டம் இரண்டு சொற்களையும் வரிசையில் வைத்தது: முதலில் சில ஆண்டுகள் தன்னாட்சி, பிறகு விடுதலையையும் ஒரு தெரிவாகக் கொண்ட வாக்கெடுப்பு. போலிசாரியோ ஏற்றது, மொராக்கோ மறுத்தது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படித் தமிழில் எழுதுவது?

இந்தப் பொதுவாக்கெடுப்பையும் "கருத்துக்கணிப்பு" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கருத்துக்கணிப்பு தேர்தலுக்கு முன் பத்திரிகை எடுப்பது. அது யாரையும் கட்டுப்படுத்தாது. அகராதியைத் திறக்க ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால் வாசகருக்கு அண்டை நாடுகளின் பகையும் புரியாமல் போகிறது. போலிசாரியோவைத் தாங்கும் அல்ஜீரியா 2021 ஆகஸ்டில் மொராக்கோவோடு உறவை முறித்தது. அந்த அக்டோபர் முடிவோடு, அல்ஜீரியாவிலிருந்து மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போன எரிவாயுக் குழாயும் நின்றது. இரு நாட்டுத் தரை எல்லை 1994 முதல் மூடியே கிடக்கிறது. இவ்விரண்டும் உட்பட ஐந்து வட ஆப்பிரிக்க நாடுகள் 1989இல் தொடங்கிய அரபு மக்ரிப் ஒன்றியம் பெயரளவில் இருக்கிறது. அல்ஜீரியாவின் திந்தூஃபில் உள்ள சகாரா அகதி முகாம்களில் பிறந்தவர்களுக்கே பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஏதோ மாநில சுயாட்சித் தகராறுக்கா இத்தனையும்?

தனித்தமிழ் அன்பர்கள் தன்னுரிமை என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் "முடிவு செய்தல்" அதில் இல்லை. தனிமனித உரிமை என்றும் படிக்கலாம். தன்முடிவுரிமை என்றால் பொருள் வருகிறது, ஆனால் முடிவு என்பது சாவையும் குறிப்பதால் காதில் இடறுகிறது. தூய தமிழில் நல்ல சொல் அமைந்தால் முதலில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதுவரை சுயநிர்ணய உரிமையே இருக்கட்டும். இடதுசாரி எழுத்திலும், 1985 திம்புப் பேச்சுவார்த்தையில் ஈழத் தமிழர் தரப்பு வைத்த கோட்பாடுகளிலும் புழங்கித் தேய்ந்து, பொருள் உறுதிப்பட்ட சொல் அது.

2025 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2797ஆம் தீர்மானம், மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. மேற்கு சகாரா மக்களின் சுயநிர்ணயத்தையும் அதே தீர்மானம் குறிப்பிடுகிறது. அதை மொழிபெயர்க்க உட்காருபவர் இந்த இரண்டு சொற்களையும் முதலில் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளட்டும்.